ஆறாவது பேஸ்

ஆறாவது வரியில் ஓர் எண் ஓடிக்கொண்டிருந்தது. அங்கே எதுவும் ஓடக் கூடாது.

பேனல் அறையின் சிறிய திரை முன்னால் நின்ற ரௌஷான், கையிலிருந்த பவுர்சாக் என்ற பொரித்த ரொட்டியைக் கடிக்க மறந்தாள். ஆறாவது வரி என்பது கம்ப்ரஸர் கொட்டகையின் விஷவாயு அளவு. அங்கிருந்து வரும் ஒயரை வெட்டிச் சுருட்டி வைத்தாகிவிட்டது. அளவைப் படித்துத் திரைக்கு அனுப்பும் மாட்யூலைப் பிரிவுத் தலைவர் எர்கேஷ் அன்றைக்கே கழற்றி எடுத்துப் போய்விட்டார். அன்றைக்கு என்றால், அவள் தம்பி மக்சூத் அந்தக் கொட்டகையில் செத்துக் கிடந்த நாள். குடித்துவிட்டு, முகமூடி போடாமல் உள்ளே போனான் என்று விசாரணையை முடித்தார்கள். மக்சூத் குடிப்பவனில்லை. அவள் சொன்னாள், தலையாட்டிக் கேட்டுக்கொண்டார்கள். துக்கம் முடிந்ததும் அதே எரிவாயு ஆலைக்குத்தான் வேலைக்குத் திரும்பினாள். இந்தச் சமவெளியில் வேறு ஆலை இல்லை.

வெளியே நண்பகலிலேயே பனிப்புயல் வெளிச்சத்தைத் தின்றுவிட்டிருந்தது. தகரக் கூரை மேல் பனி உராயும் சத்தம், பேனலுக்குள் விசிறியின் முனகல், சூடான பிளாஸ்டிக்கின் வாசனை. இவற்றுக்கு நடுவே அந்த எண் மெல்ல ஏறியது, சற்று நின்றது, மெல்ல இறங்கியது, மறுபடி ஏறியது.

பேனல் கதவைத் திறந்தாள். மாட்யூல்கள் உட்காரும் பேஸ்கள் வரிசையாக இருந்தன. ஆறாவது காலி. ஆனால் அதன் பச்சை விளக்கு எரிந்தது. விரலால் தொட்டாள். உடம்புச் சூடு.

அப்போதுதான் முளைகளைப் பார்த்தாள். ஒவ்வொரு பேஸிலும் சின்னச் சின்ன பிளாஸ்டிக் முளைகள் இருக்கும். அதற்கென்று செய்த மாட்யூல் மட்டும்தான் அவற்றில் பொருந்தும். வேறு வகை உள்ளே இறங்காது. ஆறாவதில் முளைகள் கத்தியால் சீவப்பட்டிருந்தன. வேறு ஏதோ மாட்யூலை அழுத்திச் செருகியிருக்கிறார்கள். வாயு எவ்வளவு ஏறினாலும் அது பூஜ்யம் என்றுதான் காட்டியிருக்கும். பூஜ்யத்தைப் பார்த்துவிட்டுத்தான் மக்சூத் கதவைத் திறந்திருக்கிறான்.

"என்ன அங்க மெனக்கெட்டுக்கிட்டு நிக்கற?"

எர்கேஷ் தொப்பியிலிருந்த பனியைத் தட்டியபடி உள்ளே வந்தார்.

"முளையச் சீவினது யாரு, எர்கேஷ் அகா?"

அவர் பேஸைப் பார்த்தார். பிறகு அவளைப் பார்க்காமல் கையுறையைக் கழற்றினார். "சரியான மாட்யூல் வர ரெண்டு வாரம் ஆகும்னு சப்ளை பண்றவன் சொன்னான். மேல இருக்கறவங்க ஒரு மணி நேரம்கூட ஆலைய நிறுத்த விட மாட்டேன்னாங்க. நீயா இருந்தா என்ன பண்ணியிருப்ப?"

"குடிச்சிருந்தான்னு சொன்னீங்களே."

"செத்தவனுக்கு என்னம்மா, எதச் சொன்னாலும் ஒண்ணுதான். இருக்கறவங்க பொழைக்கணும்ல." கோட்டுப் பையிலிருந்து புது மாட்யூலை எடுத்தார். "இந்தா, இது சரியான வகை. போட்டு மூடு. பேச்சு முடிஞ்சுது."

அவள் வாங்கவில்லை. அவரே செருகினார். பாதி இறங்கியது. பிறகு மெதுவாக, உள்ளேயிருந்து யாரோ உள்ளங்கையால் தள்ளியதுபோல, வெளியே வந்தது.

"மாட்யூலப் பிடிக்கற பூட்டு கெட்டுப்போச்சு போல," என்றார்.

மாட்யூலைக் கீழே வைத்துவிட்டு, காலிப் பேஸைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்தார்.

விரல் திரும்பி வரவில்லை.

முதலில் சிரித்தார். "ஒட்டிக்கிச்சு பாரு." இழுத்தார். தோள் குலுங்கியது. விரல் அசையவில்லை. முகமூடி இல்லாதவன் காற்றைத் தேடுவதுபோல வாய் திறந்து திறந்து மூடியது. அறையில் வாயு இல்லை. அவள் நன்றாக மூச்சுவிட்டாள்.

"மெயினை... அணை..."

அவள் கை மெயின் சுவிட்சுக்குப் போனது. பிடித்தது. அப்படியே நின்றது.

திரையில் ஆறாவது வரி ஏறியது. நின்றது. இறங்கியது. சிறு வயதில் ஒரே கம்பளிக்குள் படுத்திருக்கும்போது காதோரம் கேட்ட மூச்சு. ஏறும்போது ஒரு சின்னத் தடங்கல், மக்சூத்துக்கு எப்போதும் உண்டு. எண்ணிலும் இருந்தது.

அணைத்தால் இதுவும் அணையும்.

"ரௌ... ஷான்..."

அவள் கையை எடுத்துவிட்டாள்.

எர்கேஷின் கால்கள் தரையைத் தேய்ப்பதை நிறுத்தின. விசிறி முனகியது. கூரையில் பனி. ஏழாவது பேஸும் காலிதான். ஒயர்கூட இழுக்காத இடம். அதன் பச்சை விளக்கு எரியத் தொடங்கியது.

திரையில் ஏழாவது வரியில் ஓர் எண் வந்தது. ஏறியது, இறங்கியது, ஏறியது. வேகமாக. பூட்டிய கதவை உள்ளேயிருந்து தட்டுகிறவனின் மூச்சுபோல.

எர்கேஷ் பேனலில் சாய்ந்தபடி நின்றிருந்தார். நெஞ்சு அசையவில்லை. உதடு நீலம்.

கண்கள் மட்டும் அசைந்தன. ஏழாவது வரியோடு சேர்ந்து. மேலே. கீழே. மேலே.