டீச்சரம்மாவின் ஸ்பீக்கர்கள்

ஒயர் எதுவும் மாட்டாமல் மேசைமேல் மல்லாந்து கிடந்த ஸ்பீக்கரின் கோன், அந்தக் காகிதக் கூம்பு, மெல்ல ஒருமுறை மேலே எழும்பி அடங்கியது.

மெக்கானிக் கையிலிருந்த ஸ்பிரிட் துணியைக் கீழே வைத்தார். மின்விசிறிக் காற்றாக இருக்கும் என்று எழுந்துபோய் அதை நிறுத்தினார். இறக்கைகள் ஓய்ந்து நிற்கும்வரை பார்த்துக்கொண்டே இருந்தார். பின்மதிய வெயில் ஜன்னல் கம்பிகளின் நிழலை மேசைமேல் நீளமாகப் போட்டிருந்தது. அறை முழுக்கப் பசையின் நெடி, அதற்கடியில் இற்றுப்போன பழைய ஃபோமின் புளித்த வாடை. கோன் அசையவில்லை. கண் அசதி என்று சொல்லிக்கொண்டு மறுபடி குனிந்தார்.

அதுவும் பக்கத்தில் கிடந்த அதன் ஜோடியும் அவருடையவை அல்ல.

அதுவரை இருபத்தாறு வருடத் தொழிலில் அவர் ஒரு ஸ்குருவைக்கூட மாற்றி வைத்ததில்லை. அவரிடம் கொடுத்துவிட்டால் கண்ணை மூடிக்கொண்டு வரலாம் என்பது ஊர்ப்பேச்சு. அதைக் கேட்டுத்தான் ஓய்வுபெற்ற டீச்சரம்மா ஒருவர் வந்தார். இடுப்பளவு உயரப் பெட்டிகள் இரண்டையும் குழந்தையைச் சுற்றுவதுபோல் போர்வையில் சுற்றி, வண்டி வைத்துக் கொண்டுவந்திருந்தார். அவருடைய கணவர் கடைசி மூன்று வருடம் படுத்த படுக்கை. கட்டிலின் இரண்டு பக்கமும் இந்தப் பெட்டிகள்தான். மூச்சு முட்டும்போதெல்லாம் பாட்டுப் போடச் சொல்வாராம்.

"அவர் போனப்புறம் ஒரு வருஷமா தொடவே இல்ல தம்பி. போன வாரம் போட்டா ஒரே கரகரப்பு."

திறந்து பார்த்தபோது கோன்கள் நேற்றுச் செய்தவைபோல் இருந்தன. அவற்றைச் சுற்றிய ஃபோம் வளையம்தான் தொட்டால் உதிரும் பிசுபிசுப்பாகியிருந்தது. பழையதைச் சுரண்டிப் புது வளையம் ஒட்டினால் தீர்ந்தது. ஒரு நாள் வேலை. ஆனால் இப்படிப்பட்ட ஸ்பீக்கரை இன்று யாரும் செய்வதில்லை. அவருக்குள் ஆசை புகுந்தது. அவற்றைக் கழற்றி எடுத்துக்கொண்டு, அதே அளவில் சாதாரண ஸ்பீக்கர்களைப் பொருத்தி, முன்பக்கத் துணியை மூடி அனுப்பிவிட்டார். வயசானவங்க, திறந்தா பார்க்கப்போறாங்க என்று அப்போது நினைத்தது, இப்போது ஞாபகம் வரும்போதெல்லாம் காது மடல்வரை சுட்டது.

போன் அடித்தது. டீச்சரம்மா.

"தம்பி, குறை சொல்றேன்னு நினைச்சுக்காதீங்க. பாட்டெல்லாம் தெளிவாத்தான் கேக்குது. ஆனா ஏதோ... வெறிச்சுனு இருக்கு. வேற எதையாவது மாத்தினீங்களா?"

"இல்லம்மா. ஃபோம் மட்டும்தான். புதுசு இல்லையா, பழகணும்."

மேசைமேல் கோன் எழும்பியது. இந்த முறை உயரமாக.

"அப்போ என் காதுதான் போச்சு போல. உங்களைப் போய்ச் சந்தேகப்பட்டுட்டேனே, மன்னிச்சுக்கோங்க தம்பி."

போனை வைத்தபின்பும் அந்த மன்னிப்பு அவர் கையில் ஒட்டிக்கொண்டு போகாமல் இருந்தது. திருடியவனிடம் பறிகொடுத்தவள் மன்னிப்புக் கேட்கிறாள். தலையில் அடித்துக்கொள்ளத் தோன்றியது.

வேலையை முடித்துவிட்டால் மனசு அடங்கும் என்று நினைத்தார். முதல் ஸ்பீக்கருக்கு நேற்றே வளையம் ஒட்டியாகிவிட்டது. இரண்டாவதற்கும் ஒட்டி, விரல் நுனியால் சுற்றிலும் அழுத்திவிட்டு, கோன் நடுவில் நிற்கிறதா என்று பார்க்க நான்கு விரலை வைத்து மெல்ல அமுக்கினார். உள்ளே கம்பிச்சுருள் உரசினால் சத்தம் வரும். காதை அருகே கொண்டுபோனார்.

உரசல் இல்லை. காகிதம் வெதுவெதுப்பாக இருந்தது. நோயாளி அறையின் வாடை வந்தது. மருந்து, வியர்வை, பலநாள் மாற்றாத தலையணை உறை. பிறகு, வெகு ஆழத்திலிருந்து, சளி கட்டிய ஓர் இழுப்பு.

விரல்களை அது திருப்பித் தள்ளியது.

வெடுக்கென்று கையை எடுத்தார். இரண்டு கோன்களும் சேர்ந்து எழும்பின. சேர்ந்து தாழ்ந்தன. எழும்பின.

"என்னங்க, உள்ள யாரு?" வேலையிலிருந்து திரும்பிய மனைவி வாசற்படியில் நின்றிருந்தாள். "யாரோ மூச்சு வாங்குற மாதிரி கேக்குது."

"யாருமில்ல. மோட்டார் சத்தம்."

அவள் நம்பிவிட்டாள். அவர் சொன்னால் எதையும் நம்புவாள். அவள் அடுப்படிக்குப் போன பிறகு இரண்டு ஸ்பீக்கர்களையும் துண்டில் சுற்றிப் பையில் திணித்தார். டீச்சரம்மாவிடம் உண்மையைச் சொல்லிவிடுவது என்று முடிவு செய்துகொண்டுதான் கிளம்பினார். வழி நெடுக, தொடையில் இடித்துக்கொண்டிருந்த பை உப்பி உப்பித் தணிந்தது.

கதவைத் திறந்த டீச்சரம்மாவின் முகம் மலர்ந்தது. "இவ்வளவு தூரம் நீங்களே வந்துட்டீங்களா?"

அந்த முகத்தைப் பார்த்ததும் பையை முதுகுக்குப் பின்னால் தள்ளிக்கொண்டார். "ஒரு தடவை செக் பண்ணிட்டுப் போகலாம்னு..."

"உங்களை மாதிரி ஆளு இந்தக் காலத்துல யாரு இருக்கா. உக்காருங்க, காப்பி போடறேன்."

டீச்சரம்மா உள்ளே போனார். மெக்கானிக் அறையைப் பார்த்தார். கட்டில் இல்லை. கட்டில் கிடந்த இடம் மட்டும் தரையில் வெளுப்பாகத் தெரிந்தது. அதன் இரண்டு பக்கமும் பெட்டிகள் அப்படியே நின்றன. சத்தமில்லாமல் மாற்றிவிட்டால்? யாருக்கும் தெரியவேண்டியதில்லை. இவ்வளவுக்குப் பிறகும் தன் புத்தி அங்கேதான் போகிறது என்று அவருக்கே அருவருப்பாக இருந்தது. ஆனாலும் கை ஸ்குரு டிரைவரை எடுத்துவிட்டது.

துணியைக் கழற்றினார். புதியவற்றை எடுத்தார். பழையவற்றைப் பொருத்தினார். ஒரு ஸ்குரு உருண்டு எங்கேயோ போனது. ஒயரை மாட்டவில்லை. மாட்டத் தேவைப்படவில்லை.

பெட்டிக்குள் போனதும் சத்தம் பெரிதாகிவிட்டது.

இழுப்பு. இழுப்பு. அறையின் காற்று இரண்டு பெட்டிகளையும் நோக்கி நகர்ந்தது. ஜன்னல் திரை உள்பக்கமாக எழும்பி நின்றது. கோன்கள் பள்ளமாகிக்கொண்டே போயின. வெளியே வரவில்லை.

பின்னால் தம்ளர் விழுந்தது.

"அம்மா, நான் திருடிட்டேன்." கத்தியே சொன்னார். "இதுதான் உங்களுது. நான்தான் கழட்டி வெச்சிருந்தேன். தெரியாத்தனமா பண்ணிட்டேன், என்னை மன்னிச்சிடுங்க!"

டீச்சரம்மா அவரைப் பார்க்கவே இல்லை.

"ஐயோ, அவருக்கு மூச்சை வெளிய விட முடியலையே," என்றார். "அன்னைக்கும் இப்படித்தான்."

ஓடிவந்து வலதுபக்கப் பெட்டியின் முன் மண்டியிட்டார். இரண்டு கையாலும் அதைக் கட்டிப்பிடித்து, கோனில் வாயை வைத்து ஊதினார். கோன் உயர்ந்தது. டீச்சரம்மாவின் முதுகு ஒடுங்கியது. மறுபடி ஊதினார். கோன் நிறைந்தது. அவருடைய விலாவெலும்புகள் ரவிக்கையின் மேலாகத் தெரிந்தன. அடுத்த முறை இன்னும் கொஞ்சம். முதுகு ஒவ்வொரு தடவையும் உள்ளே போனது. திரும்பி வரவே இல்லை.

மெக்கானிக் பின்வாங்கினார். கதவு மூன்றடியில் இருந்தது.

டீச்சரம்மா ஒரு கையை மட்டும் பின்னால் நீட்டினார். வாயைக் கோனிலிருந்து எடுக்காமலே, அமுங்கிய குரலில் சொன்னார்: "தம்பி, அந்தப் பக்கம் நீங்க."

கோபமே இல்லாத குரல். மெக்கானிக் ஓடியிருப்பார், அதில் ஒரு சொட்டுக் கோபம் இருந்திருந்தால்.

இடதுபக்கப் பெட்டியின் முன் போய் மண்டியிட்டார். கோன் அவருக்காகப் பள்ளமாகக் காத்திருந்தது. குனிந்து வாயை வைத்தார். ஊதினார். நெஞ்சு காலியானது. மூச்செடுக்க முகத்தைத் தூக்கினார்.

ஃபோம் வளையம் விடவில்லை. ஈரமாக, சூடாக, இரண்டு உதடுகளைப்போல் அவர் வாயைச் சுற்றி இறுகியது.