தனி டம்ளர்

சாப்பாட்டு மேசையிலிருந்த டம்ளர் தானாக எழும்பி அந்தரத்தில் சாய்ந்தது. காபி மெல்லக் குறைந்தது. குடிப்பது யாரென்று செண்பகவல்லிக்குத் தெரியாமலில்லை. அவள் தம்பி குமரகுருதான்.

நெல்லையில் இப்போது அமைதிவில்லை போடாத கண்ணே கிடையாது. மனம் எதைக் கண்டு சுருங்குகிறதோ, அதை அந்த வில்லை பார்வையிலிருந்து அழித்துவிடும். அதன் ஜோடியான செவிக்குமிழ் சத்தத்தையும் விழுங்கிவிடும். குப்பைமேட்டையும் சாக்கடையையும் மறைக்கத்தான் கொண்டுவந்தார்கள். நம்மாட்கள் அத்தோடு விடுவார்களா?

குமரகுருவுக்கு எச்.ஐ.வி. என்று போன வருஷம் தெரிந்தது. மாத்திரையில் கிருமி அடங்கிவிட்டது. டம்ளர் வழியாக அது எந்தக் காலத்திலும் தொற்றியதில்லை. இதெல்லாம் செண்பகவல்லிக்கும் தெரியும். தெரிந்தும் அவனுக்கென்று தனி டம்ளர் எடுத்துவைத்தாள். அதை விரல்நுனியால் தூக்கிக் கழுவிய அன்றே அவன் மறைந்துபோனான். ஒரு வீட்டு வில்லைகள் ஒன்றோடொன்று இணைந்தவை என்பதால் அவள் கணவனுக்கும் மகளுக்கும் சேர்த்தே மறைந்தான்.

இன்று அவளால் பொறுக்க முடியவில்லை. வில்லையையும் குமிழையும் கழற்றி எறிந்தாள். தம்பி எதிரிலேயே உட்கார்ந்திருந்தான், பாதி ஆளாக இளைத்து.

"எக்கா, என்னையத் தெரியுதா?"

"தெரியுதுடா."

"காய்ச்சல்ல கெடந்தேன். தண்ணி கேட்டுக் கத்துனேன். நீ பக்கத்துல நின்னு துணி மடிச்சிக்கிட்டு இருந்தே."

அவன் கையிலிருந்த டம்ளரைப் பிடுங்கி, மிச்சக் காபியை ஒரே மடக்கில் குடித்தாள்.

கணவன் சங்கரபாண்டி வாசலில் நின்று அதைப் பார்த்துவிட்டான்.

"ஏட்டி, அவன் டம்ளர்லயா குடிச்ச?"

அவன் முகம் சுளித்தான். அடுத்த கணம் அவன் பார்வை அவளைத் தாண்டிச் சுவரில் போய் நின்றது. "செம்பகம்? எங்க போன?"

"இந்தா, இங்கதானங்க நிக்கேன்!"

அவனுக்குக் கேட்கவில்லை. சத்தம் கேட்டு உள்ளேயிருந்து மகள் இழையினி ஓடிவந்தாள். "அம்மா எங்கப்பா?"

செண்பகவல்லி பதறிப்போய் மகளை வாரித் தூக்கி நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். குழந்தைக்குக் காலடியில் தரை இல்லை. இறுக்கிப் பிடித்திருப்பது யாரென்றும் தெரியவில்லை. காப்பாற்றச் சொல்லி அம்மாவைக் கூப்பிட்டு வீறிட்டு அலறினாள்.