காலரில் வெள்ளை

மூன்றாவது நாளாகத் தவசிமுத்துவின் சட்டைக் காலரில் வெள்ளையாக ஏதோ ஒட்டியிருந்தது. அவன் மனைவி மாரிக்கனி விரலால் தொட்டுப் பார்த்தாள். பவுடர் போலத்தான் இருந்தது, ஆனால் பிசுபிசுத்தது.

அவர்கள் வீட்டில் பவுடர் கிடையாது. விருதுநகரில் முக்கால்வாசிப் பேர் பசுந்தோல் ஏற்றிக்கொண்டு ஆறு வருடமாயிற்று. பச்சை மேனியில் பவுடர் பூசினால் வெயில் உள்ளே இறங்காது. இலையிலிருக்கும் பச்சையத்தை மனிதத் தோலில் குடியேற்றிய நாள்முதல் ஊரில் உலை வைப்பவர்கள் குறைந்துபோனார்கள். மொட்டை மாடி வெயில்கூடத்தில் காலையில் இரண்டு மணி நேரம் படுத்தால், தோலே சர்க்கரை சமைத்துக்கொள்ளும். மேற்கொண்டு ஒரு செம்பு சத்துநீர் போதும். வெயிலைத் திட்டியே வளர்ந்த ஊர், இப்போது அதைத் தின்று கொழுத்தது.

ஆகவே பவுடர்க்காரி யாரோ பழைய தோல்காரி, அடுப்பு வைத்திருக்கிறவள் என்று மாரிக்கனி முடிவு கட்டினாள். அதற்குத் தோதாக எறும்பும் வந்து சேர்ந்தது. அவன் படுத்தெழுந்த பாயில் சாரை சாரையாக எறும்பு. பசுந்தோல்காரர்கள் இனிப்பைத் தொடக் கூடாது; ரத்தத்தில் சர்க்கரை எகிறிவிடும். அப்படியிருக்க எவளோ அதிரசம் ஊட்டுகிறாள். கேட்டால் வேலை அலுப்பு என்றான். வெயில்கூடத்திலும் சட்டையைக் கழற்றாமல் மூலையில் ஒண்டினான். ஆள் வேறு மெலிந்து, பச்சை வெளுத்து மஞ்சளடித்துக்கொண்டு வந்தான். கள்ளத்தனம் ஆளைத் தின்னாமல் விடுமா? சோறே பொங்காத காலத்திலும் இந்த மனுசன் முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கப் பார்க்கிறாரே என்று அவளுக்கு வயிறு எரிந்தது.

அதே அடுக்குக் குடியிருப்பின் இரண்டாம் மாடி லூர்தம்மாள் ஒரு காலத்தில் ஃபேன்சி ஸ்டோரில் வேலை பார்த்தவள். மோந்து பார்த்தே எந்தப் பவுடர் என்று சொல்லிவிடுவாள். மாரிக்கனி சட்டையை முந்தானைக்குள் சுருட்டிக்கொண்டு போனாள். லூர்தம்மாள் காலரை மூக்கில் அழுத்தி மோந்தாள், கன்னத்தில் தேய்த்துப் பார்த்தாள், பிடிபடவில்லை. அது அவளுக்குத் தன்மானப் பிரச்சினையாகிவிட்டது. இருவருமாக வீடு வீடாக ஏறி இறங்கினார்கள். பதினான்கு வீட்டுப் பெண்கள் அந்தச் சட்டையை ஆசை தீர மோந்தார்கள். பதினான்கு பேரும் வேறு வேறு பெண்ணின் பெயரைச் சொன்னார்கள்.

அன்றிலிருந்து ஊர் வாயை மூட உலைமூடி கிடைக்கவில்லை. அவமானம் தனக்கு மட்டும் எதற்கு என்று மாரிக்கனிக்கு ஆத்திரம் வந்தது. சட்டையைக் கொண்டுபோய் வெயில்கூடத்தின் நடுக்கொடியில் தொங்கவிட்டாள். கீழே படுப்பவர்கள் எல்லோரும் பார்க்கட்டும், அந்த ஆளுக்கு உறைக்கட்டும் என்று நான்கு நாள் எடுக்கவேயில்லை.

ஐந்தாம் நாள் தவசிமுத்து மாடிப்படியில் மயங்கி விழுந்தான்.

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா அவன் ரத்தத்தில் சர்க்கரை அடிமட்டத்தில் இருப்பதாகச் சொன்னார். அதிரசம் தின்கிறவனுக்கா என்று மாரிக்கனிக்கு முதல் முறையாகத் தன் மேலேயே சந்தேகம் வந்தது. டாக்டரம்மா அவன் காலரை விலக்கிப் பிடரியை வெகுநேரம் பார்த்துவிட்டு, இது தன் படிப்பில் இல்லை என்று பயிர்ப் பாதுகாப்பு அலுவலகத்துக்குச் சீட்டெழுதிக் கொடுத்தார்.

அங்கே பூச்சி அலுவலர் இப்ராகிம், பசுந்தோல் ஏற்றாதவர், லென்ஸை வைத்துப் பார்த்தார்.

"மாவுப்பூச்சிம்மா. செம்பருத்தியில, பப்பாளியில பாத்திருப்பீங்க. சாறு உறிஞ்சும். மிச்ச இனிப்ப வெளிய விடும், அத நக்கத்தான் எறும்பு வருது. முன்ன மனுசத் தோலுல அதுக்கு என்ன இருந்துச்சு? இப்பதான் சர்க்கர ஓடுதே."

மாரிக்கனி கணவனைப் பார்த்தாள். இத்தனை நாள் ஏன் மறைத்தீர்கள் என்று கேட்டாள்.

"அசிங்கமா இருந்துச்சு கனி. பூச்சி விழுந்த செடி மாதிரி ஆயிட்டேன்னு ஒன்கிட்ட எப்படிச் சொல்ல?"

பவுடர்க்காரி என்று ஒருத்தி இல்லவே இல்லை. அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. அவன் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

இப்ராகிம் நாற்காலியைச் சற்றுப் பின்னால் இழுத்துக்கொண்டார். இதன் குஞ்சு கண்ணுக்கே தெரியாது, துணியிலும் காற்றிலும் பரவும், இவர் உடுப்பை வேறு யாராவது தொட்டார்களா என்று விசாரித்தார். மாரிக்கனி தலையைக் குனிந்துகொண்டு எல்லாவற்றையும் சொன்னாள். பதினான்கு வீடுகள் வரைக்கும் அவர் எழுதிக்கொண்டே வந்தார். வெயில்கூடத்துக் கொடி என்றதும் பேனா நின்றது.

"அங்க மொத்தம் எத்தன பேரு படுப்பீங்க?"

"நானூத்துச் சொச்சம் சார்."

மேசையில் இருந்தது தோப்புகளுக்கான பழைய படிவம். மனிதர்களுக்கென்று அரசாங்கம் இன்னும் அச்சடிக்கவில்லை. 'தாக்கப்பட்ட மரங்கள்' என்ற கட்டத்தில் அவர் நானூறு என்று எழுதினார். எழுதும்போது அவர் கண் மாரிக்கனியின் கழுத்துப் பக்கம் போய்த் திரும்பியது. அடுத்த கட்டத்தில் 'வெட்டி எரிக்க வேண்டியவை' என்று அச்சாகியிருந்தது.

அதை அவர் காலியாக விட்டார். மருந்தடித்துப் பார்க்கலாம், பயப்பட வேண்டாம் என்றார். காலியாகத்தான் விட்டாரே தவிர, கோடு போட்டு அடிக்கவில்லை. மாரிக்கனி அதைக் கவனித்தாள்.