வெதுவெதுப்பான கல்

வெளியே ஐப்பசி மழை அடித்துப் பெய்துகொண்டிருந்த அந்த மத்தியானத்தில், வீட்டுத் தரையெல்லாம் ஜில்லிட்டுக் கிடக்க, ஹாலின் நடுவில் ஒரே ஒரு கல் மட்டும், இப்போதுதான் ஏதோ படுத்து எழுந்துபோன இடம்போல, கேசவனின் வெறுங்காலுக்கு வெதுவெதுப்பாக இருந்தது.

"ஹேமா, இங்க சூடா ஏதாவது வெச்சியா?"

"இல்லீங்களே," என்றாள் மனைவி ஹேமாவதி, சமையலறையிலிருந்து.

கேசவன் குனிந்து தொட்டார். ராஜகீழ்ப்பாக்கத்தில் கட்டிய இந்தப் புது வீட்டுக்குத் தரைக்கல் முழுக்க அவருடைய குவாரியிலிருந்தே வந்தது. சிங்கப்பெருமாள் கோவிலைத் தாண்டி, காட்டை ஒட்டியிருந்த பாறை. அதற்கு வெடி வைத்த காலையில் வெடிக்காரர் சின்னதம்பி கையைப் பிசைந்துகொண்டு நின்றது நினைவுக்கு வந்தது.

"சார், பொந்துக்குள்ள நரி குட்டி போட்டுகீது. முனகல் கேக்குது. கொஞ்ச நாள் தள்ளி வெச்சிக்கலாம் சார்."

"லாரிங்க நிக்குது சின்னதம்பி. போடு."

தூசி அடங்கியதும் தாய் நரி வந்தது. லாரிகளுக்கும் ஆட்களுக்கும் பயப்படாமல், பட்டப்பகலில், கற்குவியலைச் சுற்றிச் சுற்றி வந்து மூச்சிரைக்கத் தோண்டியது. கேசவன் கார்க் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு உள்ளேயே உட்கார்ந்திருந்தார். அப்புறம் அந்தப் பக்கம் ஒரு நரிகூட ஊளையிட்டு யாரும் கேட்கவில்லை.

இப்போது கல்லிடுக்கிலிருந்து வெடிமருந்து நெடியும், அதோடு கலந்து புளித்த பால் வாசனையும் மெல்ல எழுந்தன. காதைத் தரையில் வைத்தார். மழைச் சத்தம் விலகிப் போனது.

முனகல். பசித்த முனகல்.

"கேக்குதா ஹேமா?"

"மழைதாங்க."

கடப்பாரையால் கல்லை நெம்பினார். அடியில் மணல். வெறும் மணல். சூடு. கடப்பாரை எதன்மேலாவது பட்டுவிடுமோ என்று பயந்து அதைத் தள்ளி வைத்தார். இரண்டு கையாலும் தோண்டினார். நகம் பிய்ந்தது. நிறுத்தவில்லை. முழங்கைவரை உள்ளே போனது.

அங்கே ஒரு வாய்.

சின்னது. பல் முளைக்காதது. ரத்தம் கசிந்த விரலைக் கவ்விச் சப்பியது. பிறகு இன்னொன்று. இன்னொன்று.

"ஐயோ, என்னங்க ரத்தம்? கைய எடுங்க!" ஓடிவந்த ஹேமாவதி தோளைப் பிடித்து இழுத்தாள்.

"இழுக்காத," என்று கிசுகிசுத்தார். "பாவம், பசியோட இருந்திருக்குதுங்க."

மணல் சிவந்து, மூச்சு விடுவதுபோல ஏறி இறங்கியது. கேசவன் இன்னும் கொஞ்சம் குனிந்து, தோள்வரை கொடுத்தார்.