கூடத்துக்குள் புதுவெள்ளம்

அந்த வருஷம் மேட்டூரில் தண்ணீர் திறந்தது ஆனியிலா, ஆடி பிறந்த பிறகா என்று ரெத்தினத்துக்கு இப்போது திட்டமாகச் சொல்லத் தெரியவில்லை. உச்சவரம்புச் சட்டத்துக்குப் பயந்து மிராசுதார்கள் நிலத்தைப் பேரன் பேத்தி பெயரிலெல்லாம் எழுதிக்கொண்டிருந்த காலம் என்பது மட்டும் நினைவிருக்கிறது. செவ்வந்தி வந்தபோது தூறல் விழுந்ததா, அவள் முகத்தைப் பார்த்துவிட்டுப் பின்னால் தானே தூறலைச் சேர்த்துக்கொண்டாரா என்பதிலும் சந்தேகம்தான். ஆனால் அன்று அவள் சொன்ன ஒரு வாக்கியம் வார்த்தை மாறாமல் அவர் காதில் நிற்கிறது. சொன்னபோது அது அவருக்கு ஒரு பொருட்டாகவே தோன்றவில்லை.

தஞ்சாவூர் கீழவாசலில் மீரா உசேன் வீடு. குற்றப் பிரிவில் சப்-இன்ஸ்பெக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். அவரிடம் கான்ஸ்டபிளாக இருந்த ரெத்தினமும் ஓய்வு பெற்று, மனைவியின் பேச்சுக்குப் பயந்து, காலையில் வந்தால் பொழுது சாயும்வரை அங்கேயே இருப்பார். மீரா உசேன் அதிகம் பேசமாட்டார். அவர் விட்டுவைத்த இடத்தையெல்லாம் ரெத்தினம் பேசி நிரப்புவார்.

செவ்வந்தி நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தாள்.

"திருக்காட்டுப்பள்ளி ஆஸ்பத்திரியில நர்ஸா இருக்கேங்க. வரகுமங்கலம் மேலத்தெருவில பஞ்சநதம் ஐயா வீட்டை வாங்கினேன். எங்கப்பா சாமிதுரை அவங்க பண்ணையில தண்ணி பாய்ச்சினவரு. அம்மா ராமாயி அதே பண்ணையில நடவு நட்டவங்க." இதைச் சொல்லும்போது அவள் தலை நிமிர்ந்தே இருந்தது.

"வாங்குறதுக்கு முன்னாடி வீட்டை யாருக்காவது காட்டினீங்களா?" என்றார் மீரா உசேன்.

"அதுதாங்க விஷயமே. பொதுப்பணித்துறையில ஓவர்சியரா இருந்த சாரங்கபாணி ஐயாவைக் கூட்டிக்கிட்டுப் போய்க் காட்டினேன். சித்திரை வெயில்ல அஸ்திவாரம், உத்திரம், ஓடு எல்லாம் பார்த்துட்டு, ஒரு குறையும் இல்ல, தைரியமா வாங்கும்மான்னாரு. வைகாசியில குடிபோனோம். வாய்க்கால்ல தண்ணி வந்ததும் கூடத்துத் தரையில ஊத்தெடுக்குது. சுவரு முழங்கால் உசரத்துக்கு ஊறிப்போச்சு. காயுது, திரும்பவும் வருது. நானும் அம்மாவும் வேலைக்குப் போயிட்டு வந்து பார்த்தா கூடத்துல சேறு."

"சாமான் நிறைய நாசமாயிருக்குமே!" என்றார் ரெத்தினம்.

"இல்லீங்க. முந்தின நாள்தான் அப்பா என் பெட்டி, புஸ்தகம் எல்லாத்தையும் பரண்ல ஏத்தி வச்சிருந்தாரு. அந்த மட்டுக்கும் தப்பிச்சுது."

மீரா உசேன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "இப்ப என்ன செய்யறதா இருக்கீங்க?"

"பக்கத்து வீடு பஞ்சநதம் ஐயாவோட தம்பி துரைராசு வீடு. வீட்டைத் தானே திரும்ப எடுத்துக்கறேன்னு இரக்கப்பட்டுச் சொல்றாரு. வெள்ளிக்கிழமை தெருக்காரங்க கூடிப் பேசப்போறாங்க. விட்டுட்டா வாய்க்கால் கரைக் குடிசைக்குத்தான் போகணும். அதுக்கப்புறம் எங்க கீழத்தெருவிலேர்ந்து யாரும் மேலத்தெருவில வீடு கேக்க வாயைத் திறக்க மாட்டாங்க. ஓவர்சியர் என்னை ஏமாத்தினாரா? அது மட்டும் எனக்குத் தெரியணும். ஏமாத்தியிருந்தா வீட்டையும் விட்டுடறேன், அவர் மேல கேஸும் போடறேன்."

மீரா உசேன் எழுந்து உள்ளே போனார். அவர் சட்டையை மாட்டிக்கொண்டு வந்தபோதுதான் அவர் சம்மதித்துவிட்டார் என்பது செவ்வந்திக்குப் புரிந்தது.

வரகுமங்கலத்தில் பஸ்ஸை விட்டு இறங்கியதும் புதுவெள்ளத்தின் வாசனை. நாற்றங்கால்களுக்கு நடுவே வாய்க்கால் செக்கச் செவேலென்று ஓடிக்கொண்டிருந்தது. ராமாயி வாசலுக்கு வந்து, "டீ போடட்டுங்களா? குடிப்பீங்கதானே?" என்று இரண்டு தடவை கேட்டாள். மீரா உசேன் வாங்கிக் குடித்து, இன்னும் கொஞ்சம் கேட்டு வாங்கிக் குடித்தார். அதன் பிறகு ராமாயிக்குப் பேச்சு தாராளமாக வந்தது.

"எங்க வீட்டுக்காரரா? கொல்லையில மாட்டுக் கொட்டகையில இருப்பாரு. சொந்த வீட்டுக் கூடத்துல படுத்தா மூச்சு முட்டுதாம். குடிவந்த நாள்லேர்ந்து மாட்டோடதான் குடித்தனம். சம்பந்தமே பேசிடுவாரு போலிருக்கு!"

மீரா உசேன் கூடத்துச் சுவரருகே குந்தினார். வெள்ளையடிப்பு பளிச்சென்று இருந்தது. ஈரம் ஏறி நின்ற கோடு மட்டும் செம்மண் நிறத்தில் ஓடியது. விரலால் தேய்த்தார், வண்டல் மாவுபோல ஒட்டிக்கொண்டது. விரலை ரெத்தினத்திடம் நீட்டிக் காட்டிவிட்டு எழுந்தார். ரெத்தினம் அதைப் பார்த்து அர்த்தத்தோடு தலையாட்டினார். அர்த்தம் என்னவென்று அவருக்கே தெரியவில்லை.

அதற்குள் சாரங்கபாணி குடையை ஊன்றிக்கொண்டு வந்துவிட்டார். ஊரெல்லாம் தன்னை லஞ்சம் வாங்கியவன் என்று பேசுவதில் மனிதர் பாதியாக இளைத்திருந்தார்.

"வாய்க்கால் காய்ஞ்சு கிடந்தப்ப பார்த்துட்டு, தண்ணி வந்தா என்ன ஆகும்னு நீங்க எப்படி சார் சொல்லலாம்?" என்று மடக்கினார் ரெத்தினம்.

"வாங்க, காட்டறேன்" என்று கொல்லைக்கு விடுவிடுவென்று நடந்தார் ஓவர்சியர். கொல்லையின் கடைசியில் வாய்க்கால். கரைச் சுவரில் செங்கல் கட்டிய ஒரு பொந்து தெரிந்தது. "இது பழைய தூம்பு. முற்றத்து மழைத்தண்ணி முன்னாடி கூடத்துக்கு அடியில ஓடி இது வழியா விழும். பஞ்சநதத்தோட அப்பா காலத்துல முற்றத்துப் பக்கம் அடைச்சு, தண்ணிய தெருப் பக்கம் திருப்பிட்டாங்க. இந்த வாய் மட்டும் அப்படியே இருக்கு. சித்திரையிலேயே பார்த்தேன். தண்ணி இல்லாட்டா என்ன, நிறைஞ்சு ஓடுற கோடு அதோ அந்த மதகுக் கல்லுல கறுப்பாப் படிஞ்சிருக்கே! தூம்பு வாய் அந்தக் கோட்டுக்கு ஒரு முழம் மேல இருக்கு. வாய்க்கால் கரை புரண்டாத்தான் உள்ள போகும். கரை புரண்டா இந்தத் தெருவே முழுகும், நான் என்ன செய்ய?"

மீரா உசேன் அவரையும் கல்லையும் பார்த்தார். பிறகு கரையோரமாகத் தண்ணீர் ஓடும் பக்கமே கொஞ்சம் நடந்தவர், ஓரிடத்தில் நின்றார். கரையெங்கும் அருகம்புல் படர்ந்திருந்தது. அங்கே ஒரு சின்னத் துண்டில் மட்டும் புல் லேசாக வாடியிருந்தது. எதிர்க்கரையிலும் அதற்கு நேராக ஒரு வாடல். குனிந்து தொட்டார். மண்ணோடு வெட்டியெடுத்த புல் பத்தைகள், சந்தில்லாமல் பொருத்தி, குதிகாலால் மிதித்து இறுக்கியிருந்தன.

"எலி வளையை அடைச்சிருப்பாங்க" என்றார் ரெத்தினம்.

"ரெண்டு கரையிலயும், எதிரெதிரா எலியா?"

ரெத்தினம் புல்லை இன்னொரு தடவை குனிந்து பார்த்தார்.

கொட்டகையிலிருந்து சாமிதுரை வந்து துண்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நின்றார். மீரா உசேன் வீட்டைப் பற்றி எதுவும் கேட்கவில்லை. "கடைமடைக்கெல்லாம் தண்ணி போய்ச் சேர்ந்துச்சா பெரியவரே?" என்று மட்டும் கேட்டார்.

"சேர்ந்துச்சுங்க. நாத்து தப்பிச்சுது" என்றார் அவர். முகத்தில் முதல்தடவையாக வெளிச்சம் வந்து போனது.

வேலிக்கு அந்தப் பக்கம் கரைவேட்டி கட்டிய ஒருவர் வெற்றிலையைத் துப்பிவிட்டுச் சிரித்தார். துரைராசு. "பாத்தீங்களா, சுவருக்குக்கூட ஆள் தெரியுது. எங்கண்ணன் இருந்தவரைக்கும் ஒரு பொட்டு ஈரம் கிடையாது."

ரெத்தினத்துக்கு அந்தக் கணமே குற்றவாளி யாரென்று தெரிந்துவிட்டது. பஸ்ஸில் திரும்பும் வழியெல்லாம் அதைச் சொல்லிக்கொண்டே வந்தார். மீரா உசேன் ஜன்னலுக்கு வெளியே நடவு வயல்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். கண்டுபிடித்தவருடைய முகமாக அது இல்லை. கண்டுபிடித்ததை என்ன செய்வதென்று தெரியாதவருடைய முகம். இதை ரெத்தினம் பிற்பாடுதான் யோசித்தார்.

வெள்ளிக்கிழமை தெருக்காரர்கள் கூடுவதற்கு முன்னால், கூடத்தில் ஐந்து பேரைக் கூட்டினார் மீரா உசேன். செவ்வந்தி தூணோரம் நின்றாள். ராமாயி கீழே உட்கார்ந்திருந்தாள். சாரங்கபாணி குடையை மடியில் வைத்திருந்தார். துரைராசுவுக்கு நாற்காலி. சாமிதுரை கொல்லைக் கதவு நிலையைத் தாண்டி உள்ளே வரவில்லை.

"முதல்ல ஓவர்சியர் விஷயம்" என்றார் மீரா உசேன். "பழைய ஈரமா இருந்தா இந்தச் சுவர் உப்புப் பூத்து, வெள்ளை பொருக்குப் பொருக்கா உதிர்ந்திருக்கும். இங்க ஒரு பொருக்குகூட இல்ல. அதோட, மண்ணுக்குள்ள ஊறி வர்ற தண்ணி வடிகட்டித் தெளிஞ்சு வரும். இந்தக் கோடு செம்மண் நிறம். புதுவெள்ளம் கலங்கலோட அப்படியே வழி கிடைச்சு வந்திருக்கு. வழி அந்தத் தூம்புதான். அவர் எதையும் பார்க்காம விடலை நர்ஸம்மா. அவர் பார்த்த அன்னிக்கு இந்த வீட்டுல குறையே இல்ல."

சாரங்கபாணி தலையைக் குனிந்துகொண்டார்.

"தூம்பு உசரத்துல இருக்கே, தண்ணி எப்படி ஏறும்?" என்றாள் செவ்வந்தி.

"தானா ஏறாது. தூம்பைத் தாண்டிக் கொஞ்சம் கீழ, வாய்க்காலுக்குக் குறுக்க யாரோ மண்ணை வெட்டிப் போட்டு அணை கட்டியிருக்காங்க. தண்ணி எழும்பித் தூம்புல பாய்ஞ்சு, கூடத்துக்கு அடியில தங்கிடும். அப்புறம் அணையைப் பிரிச்சு விட்டுடலாம். நீங்க ஆஸ்பத்திரியில, அம்மா நடவுல. தெரு உச்சி வெயில்ல உறங்கும். யாரு பாக்கப்போறா?"

எல்லோருடைய பார்வையும் துரைராசு மேல் திரும்பியது. ரெத்தினம் கதவை மறித்தாற்போல நகர்ந்து நின்றார்.

"என்னய்யா, என்னையே பாக்குறீங்க!" துரைராசு எழுந்துவிட்டார். "என் கையைப் பாருங்க. மம்மட்டி பிடிச்ச கையா இது?"

"இல்ல" என்றார் மீரா உசேன். ரெத்தினம் திகைத்துப்போனார்.

"கெடுதல் செய்ய வந்தவன் கரையை வெட்டினா வெட்டின வாக்குல போட்டுட்டுப் போயிருப்பான். இங்க வெட்டின இடத்துல புல் பத்தை வச்சு, மிதிச்சு இறுக்கியிருக்கு. அணையில ஒரு பிடி மண்கூட வாய்க்கால்ல மிச்சமில்ல. கடைமடைக்குத் தண்ணி தடைப்படக் கூடாதுன்னு நினைச்ச ஆளு. வாழ்நாள் பூரா கரையைக் காத்த கைக்குக் கரையைக் காயத்தோட விட்டுட்டுப் போக வரலை." அவர் செவ்வந்தியின் பக்கம் திரும்பினார். "இந்த வீட்டுலயும் ஒரு பொருள் கெடக் கூடாதுன்னு அந்த ஆளு நினைச்சிருக்கு."

வெளியே வாய்க்கால் ஓடும் சத்தம் கேட்டது. செவ்வந்தியின் கண் பரணுக்குப் போனது. முந்தின நாளே அப்பா ஏற்றி வைத்திருந்த தன் தகரப் பெட்டியையும், அதன் மேல் கயிறு போட்டுக் கட்டியிருந்த புத்தகங்களையும் பார்த்தாள். பிறகு மெல்லத் திரும்பிக் கொல்லைக் கதவைப் பார்த்தாள்.

"அப்பா."

சாமிதுரை துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு துரைராசுவைப் பார்த்தார்.

"சின்னய்யா வேலியோரம் வந்து வந்து சொல்லுவாரு ஆயி. குடிசைதான் எரியும்னு நெனைக்காதே சாமிதுரை, ஓட்டு வீடும் எரியும்னு. கெழக்க குடிசைக்குள்ள ஆளுங்களை வச்சுக் கொளுத்தினது மறந்துபோச்சான்னும் கேப்பாரு. நீ தூங்குவே, நான் கொட்டகையில உக்காந்து வீட்டுக் கூரையைப் பாத்துக்கிட்டே இருப்பேன். வீடு போனாப் போவட்டும், எம் பொண்ணு இருக்கணும்னுதான்..."

"எங்கிட்டச் சொல்றதுக்கு என்ன?"

"சொன்னா நீ பயப்படுவியா? இன்னும் முறைச்சிக்கிட்டு நிப்பே."

"அது நெசந்தான்" என்றாள் ராமாயி, அழுதுகொண்டே.

செவ்வந்தி தூணை விட்டுக் கொல்லைக் கதவருகே வந்தாள். கேட்டபோது அவள் குரலில் கோபம் இல்லை. "கரையை ஏம்ப்பா அடைச்சே? அடைக்காட்டா நீதான்னு இவங்களுக்குத் தெரிஞ்சிருக்காதே."

சாமிதுரை புரியாதவர்போல மகளைப் பார்த்தார். "வெட்டுன கரையை எப்படி ஆயி அப்படியே போட்டுட்டு வர்றது? உடைச்சுக்காதா? கீழ பயிரு இருக்குல்ல."

துரைராசு நழுவப் பார்த்தார். "உக்காருங்க" என்றார் மீரா உசேன். "எரியும்னு சொன்னதை ஒரு ஓவர்சியரும் ரெண்டு பழைய போலீஸ்காரனும் கேட்டாச்சு. இனிமே இந்த வீட்டுக் கூரையில ஒரு தீப்பொறி விழுந்தாலும், முதல்ல உங்க வாசலுக்குத்தான் வருவாங்க. நானே கூட்டிக்கிட்டு வருவேன்."

செவ்வந்தி வாசலுக்குப் போய், கூடத் தொடங்கியிருந்த தெருக்காரர்களிடம், "வீட்டைக் கொடுக்கறதா இல்லீங்க. நீங்க போகலாம்" என்றாள். திரும்பி வந்து சாரங்கபாணியிடம் மன்னிப்புக் கேட்டாள். அவர் எழுந்து தூம்பைப் பார்க்கக் கொல்லைக்குப் போனார். ராமாயி மூக்கைச் சிந்திக்கொண்டு, "இன்னும் என்ன நிலைப்படியிலேயே? உள்ள வந்து உக்காருய்யா" என்று புருஷனை அதட்டினாள்.

சாரங்கபாணி மறுவாரமே நின்று தூம்பின் வாயைக் கல் வைத்துப் பூசி அடைத்தார். அதற்குப் பிறகு அவர் யாருக்கும் வீடு பார்த்துச் சொல்லப் போகவில்லை. துரைராசு இரண்டு தேர்தலில் நின்று தோற்று, வீட்டை விற்றுவிட்டுத் தஞ்சாவூருக்குப் போய்விட்டார். அவர் வீட்டை வாங்கியது கீழத்தெருவிலிருந்து படித்து வாத்தியாரான ஒருவர். சாமிதுரை அடைமழைக் காலத்தில்தான் கொட்டகையை விட்டுக் கூடத்துக்கு வந்தார். கொல்லைக் கதவருகே படுத்து, அந்த வீட்டிலேயே செத்துப்போனார். ராமாயி அவருக்குப் பின்னும் வெகுகாலம் இருந்தாள். செவ்வந்தி தலைமை நர்ஸாகி ஓய்வு பெற்று அங்கேதான் இருக்கிறாள். மீரா உசேன் காலமாகிவிட்டார். ரெத்தினம் சீர்காழியில் மகள் வீட்டில் இருக்கிறார். காது கொஞ்சம் மந்தம்.