உம் கொட்டும் அறை

ஃபோன் பதிவில் பேசியது அவளுடைய குரல்தான். "ஐந்தாம் இயல். நீர்மட்டம் குறைந்த ஆண்டுகளின் வண்டல். இன்றைக்கு இரண்டு பக்கம் தேறியது. வரைபடம் இன்னும் சரியாக வரவில்லை." அதன்பின் சற்று இடைவெளி, மின்விசிறி கிறீச்சிடும் ஓசை. பிறகு பக்கத்தில் யாரோ எதையோ சொல்வதுபோல, அதைக் கேட்டுத் தலையாட்டுகிறவளின் பொறுமையோடு, அதே குரல் "உம்" என்றது.

அவள் பேனாவைக் கீழே வைத்தாள். அப்படி ஒரு 'உம்' சொன்னதாக நினைவில்லை. பதிவைப் பின்னால் தள்ளி மறுபடி கேட்டாள். இருந்தது. தூக்கக் கலக்கத்தில் சொல்லியிருப்போம் என்று தனக்குத் தானே சமாதானம் சொல்லிக்கொண்டு வரைபடத்துக்குத் திரும்பினாள்.

ஆய்வேடு தொடங்கி இது ஆறாவது வருடம். உலகத்தில் ஆராய எத்தனையோ இருக்க, இவளுக்கு வாய்த்தது ஏரிச் சேறு. பழைய ஏரி ஒன்றின் அடியில் வருடா வருடம் படிந்ததைக் குழாய் குழாயாக எடுத்து வந்து அடுக்கடுக்காகப் பிரித்துப் பார்ப்பது. ஆய்வுக்கூடத்தில் இடம் போதாமல் பாதிக் குழாய்கள் வீட்டில் அவள் எழுதும் அறையில்தான் அடுக்கியிருந்தன. எத்தனை முறை துடைத்தாலும் அந்த அறையில் அடிச்சேற்றின் குளிர்ந்த வாடை போகாது.

முதல் வருடம் ஒரு வரிகூட நகராமல் அழுதுகொண்டு நின்றபோது நெறியாளர்தான் வழி சொன்னார். "எழுத வரலைன்னா பேசும்மா. அன்னன்னைக்கு என்ன முடிஞ்சுது, நாளைக்கு எங்க தொடங்கணும். ஃபோன்ல பேசி வை. ஒருநாள்கூட விடாதே." அவள் விடவில்லை. பிரசவத்துக்குப் போகும் வழியில்கூட மூச்சு வாங்க வாங்க இரண்டாம் இயலைப் பற்றிப் பேசி வைத்தவள் அவள்.

பிறந்தவள் சிட்டு. கணவன் கப்பலில் வேலை பார்ப்பவன். வருடத்தில் பாதி நாள் கடலில். துணைக்கு நாத்தனார் இருந்தாள், காலையில் பள்ளியில் பாடம் நடத்திவிட்டு மதியம் வீட்டுக்கு வந்துவிடுவாள். ஆனாலும் சிட்டுவுக்கு அம்மாதான் வேண்டும். கதவைச் சாத்தினால் கதவைத் தட்டுவாள். வெளியே கிளம்பினால் ஊரைக் கூட்டுவாள்.

ஒருநாள் பழைய பதிவுகளை ஓடவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தவள், அதை நிறுத்த மறந்து அறையின் பின்கதவு வழியாகத் துணி காயப்போடப் போனாள். திரும்பிக் கூடத்துப் பக்கமாக வந்து பார்த்தால், சாத்திய அறைக்கு முன்னால் சிட்டு சமர்த்தாக உட்கார்ந்து படம் வரைந்துகொண்டிருந்தாள். உள்ளே அம்மாவின் குரல் கேட்கிறது, அது போதும். அன்றிலிருந்து அதுவே வழக்கமாயிற்று. கூடத்துக் கதவை உள்ளே தாழிட்டு, பழைய ஃபோனில் பதிவுகளை வரிசையாக ஓடவிட்டு, பின்கதவைப் பூட்டிச் சாவியோடு ஆய்வுக்கூடத்துக்குப் போய்விடுவாள்.

"நிலாவைக் காட்டி ஏமாத்துவாங்க, கேள்விப்பட்டிருக்கேன். நீங்க குரலைக் காட்டி ஏமாத்துறீங்க அண்ணி," என்று சிரித்தாள் நாத்தனார். அவளும் சிரித்தாள். சிரித்தாளே தவிர நெஞ்சில் ஒரு முள் இருந்தது.

அந்த வாரம் இன்னும் சில 'உம்'கள் அகப்பட்டன. ஐந்தாம் இயலுக்காகப் பழைய குறிப்புகளைத் தேடியபோது, முதல் வருடத்துப் பதிவு ஒன்றைத் திறந்தாள். சிட்டு பிறப்பதற்கு முன்னால், ஆளில்லாத ஏரிக்கரையில் நின்று பேசியது. காற்று. நாணலின் சரசரப்பு. "ஒன்பதாவது குழாய் உடைந்துவிட்டது, நாளை மறுபடி எடுக்க வேண்டும்." இடைவெளி. "உம். அப்புறம்? அந்தப் பூனை என்ன செஞ்சுது?"

அவள் பதிவை நிறுத்தினாள். பூனைக் கதை சிட்டுவுடையது. போன வாரம்தான் அவளாகக் கட்டிக்கொண்டது.

மாலையில் தலை வாரிவிடும்போது, குரலை முடிந்தவரை சாதாரணமாக வைத்துக்கொண்டு கேட்டாள். "சிட்டு, பூனைக் கதையை யாருகிட்டடா சொன்ன?"

"உங்கிட்டதான். நீ உள்ள இருக்கும்போது."

"நான் என்ன சொன்னேன்?"

"உம் கொட்டின." சிட்டு கண்ணாடியில் அவளைப் பார்த்தாள். "நீ உள்ள இருக்கும்போதுதான்மா நல்லா பேசுற. இங்க வந்தா எல்லாத்துக்கும் 'அப்புறம், அப்புறம்'னு சொல்ற."

சீப்பு பாதி முடியில் நின்றது.

"உள்ள எனக்கும் இடம் இருக்குன்னு சொன்னியேம்மா," என்றாள் சிட்டு. "இன்னும் கொஞ்சம்தான் பாக்கின்னு?"

எல்லாவற்றையும் அன்றே அழித்திருக்க வேண்டும். விரல் அந்தப் பொத்தான்வரை போகவும் செய்தது. ஆனால் கடைசி இயலின் முடிவுரை முழுவதும் அந்தப் பதிவுகளில்தான் துண்டு துண்டாகக் கிடந்தது, வார முடிவுக்குள் ஏட்டைக் கொடுக்காவிட்டால் பல்கலைக்கழகத்தில் அவள் பெயரே ரத்து. பிள்ளையா ஏடா என்று யாராவது நேருக்கு நேர் கேட்டிருந்தால், பிள்ளை என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லியிருப்பாள். அப்படி யாரும் கேட்கவில்லை. முடிவுரை எழுதி முடியும்வரை சிட்டுவை மடியைவிட்டு இறக்காமல், ஒற்றைக் கையால் தட்டச்சு செய்தாள்.

கடைசி நாள் மதியம் நெறியாளர் அழைத்தார். "இன்னும் எங்கம்மா இருக்க? நாலு காப்பியிலயும் கையெழுத்து வேணும். ஆபீஸ் மூடுறதுக்குள்ள வா."

வெளியே மழை பிடித்துக்கொண்டிருந்தது. சிட்டு அவளுடைய இடுப்பைக் கட்டிக்கொண்டு விடமாட்டேன் என்றாள். "நான் பாத்துக்கிறேன், நீங்க கிளம்புங்க அண்ணி," என்று நாத்தனார் இழுக்க, பிள்ளை வீறிட்டு நீலம் பாரித்துப் போனாள். நேரமோ ஓடிக்கொண்டிருந்தது. பழகிய கை பழைய ஃபோனிடம் தானாகப் போயிற்று. நேற்றைய பதிவு ஒன்று இருந்தது. முழுக்கக் கேட்டிருக்கிறாள், அதில் ஒரு 'உம்' கூட இல்லை. அறைக்குள் போய்த் தாழிட்டு, அது ஒன்றை மட்டும் திரும்பத் திரும்ப ஓடும்படி வைத்துவிட்டு, பின்கதவைப் பூட்டிக்கொண்டு கிளம்பினாள். ஒரே ஒரு தடவை. இதுதான் கடைசி.

ஏட்டை வாங்கிக்கொண்ட எழுத்தர் முத்திரை குத்தி, "அப்பாடா, ஒருவழியா பெத்துட்டீங்க," என்றார். அவள் சிரிக்க முயன்றாள். ஆறு வருடச் சுமை இறங்கிய சந்தோஷம் வரவேண்டிய இடத்தில் ஒன்றுமே வரவில்லை. வாகனம் கிடைக்காமல் நனைந்துகொண்டே நடந்தாள், பாதி தூரம் ஓடினாள்.

வீட்டு வாசலில் செருப்பை உதறும்போதே அந்த வாடை வந்தது. ஏரி அடியின் வாடை. அறையில் அடங்கிக் கிடக்கும் அது இன்று கூடம்வரை வந்து, சுவரிலும் திரைச்சீலையிலும் ஈரமாகப் படிந்து, அடுப்படியில் கொதிக்கும் பாலின் மணத்தையும் மூழ்கடித்திருந்தது. தரையில் வண்ணக் குச்சிகள் சிதறிக் கிடந்தன. சிட்டு இல்லை.

நாத்தனார் கரண்டியோடு எட்டிப் பார்த்தாள். அவளைக் கண்டதும் முகம் வெளுத்தது.

"அண்ணி... நீங்க பின்பக்கமா வந்துட்டீங்கன்னு நினைச்சேன்."

"சிட்டு எங்க?"

"உள்ள தாழ்ப்பாள் திறந்த சத்தம் கேட்டுச்சு. 'வா கண்ணு, முடிஞ்சுது'ன்னு நீங்கதானே கூப்பிட்டீங்க? உங்க குரல்தானே அண்ணி அது?"

பின்கதவுச் சாவி அவளுடைய கைப்பையில் இருந்தது.

கூடத்துக் கதவு வெறுமனே சாத்தியிருந்தது. தள்ளினாள். திறந்தது.

மங்கிய வெளிச்சம். மழையின் இரைச்சல். குழாய்கள் எல்லாம் அடுக்கில் அப்படியே. மூடிகள் மட்டும் இல்லை. எல்லாம் காலி.

மேசைமேல் ஃபோன். திரை இருட்டு.

சிட்டு தரையில் உட்கார்ந்திருந்தாள். முதுகைக் காட்டிக்கொண்டு. காலையில் போட்டுவிட்ட அதே மஞ்சள் கவுன். அவள் வாரிவிட்ட அதே ரெட்டைச் சடை.

"சிட்டு."

திரும்பவில்லை. சின்ன வாய் மட்டும் அசைந்தது. அதிலிருந்து அம்மாவின் குரல் வந்தது. களைத்த, நிதானமான, ஒருநாளும் விடாத குரல்.

"இன்றைய நிலை. கை வந்தது. கால் வந்தது. முகம் நன்றாக வந்திருக்கிறது. நாளைக்குத் தொடங்க வேண்டியது, குரல்."

மேசையில் ஃபோன் அதிர்ந்தது. இருண்ட திரைக்குள்ளிருந்து, வெகு ஆழத்திலிருந்து, விக்கி விக்கி ஒரு சத்தம். எந்தத் தாய்க்கும் ஆயிரம் பிள்ளைகளுக்கு நடுவிலும் அடையாளம் தெரிகிற சத்தம்.

"அம்மா. இங்க இருட்டா இருக்கு. யாருமே இல்லம்மா. நீ இங்க இல்லையா?"

அவள் பாய்ந்து ஃபோனை எடுத்தாள். ஈரம். குளிர். பொத்தான்களை அழுத்தினாள். எதுவும் எரியவில்லை. "சிட்டு! அம்மா இங்கடா! இங்க!" குரல் போய்ச் சேரவில்லை. உள்ளே அழுகை அவள் குரல் காதில் விழாமலேயே அவளை அழைத்துக்கொண்டிருந்தது. ஒவ்வொரு தடவையும் இன்னும் கொஞ்சம் கீழேயிருந்து.

பின்னால் கவுன் சரசரத்தது.

மஞ்சள் கவுனில் இருந்தது எழுந்து நின்று திரும்பியது. முகம் நன்றாகத்தான் வந்திருந்தது. கன்னத்து மச்சம்கூட. கண்ணோரத்தில் மட்டும் சேறு இன்னும் காயவில்லை.

"அம்மா," என்றது, அவளுடைய குரலிலேயே. தூக்கிக்கொள்ளச் சொல்லி இரண்டு கைகளையும் நீட்டியது.