இரண்டுக்கு மட்டும் பச்சை

கரும்பலகையில் x + 2, அதன் பக்கத்தில் 2x என்று எழுதிவிட்டுச் செங்கமலம் திரும்புவதற்குள், சுவரிலிருந்த நிகர்மானி பச்சையாக எரிந்தது. ஏழாம் வகுப்பு மொத்தமும் கைதட்டியது.

"ரெண்டும் ஒண்ணுதான் டீச்சர். பச்சை வந்துடுச்சு," என்றாள் முதல் பெஞ்ச் நஸ்ரீன்.

செங்கமலத்துக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. ஒரு வாரமாக இதே கதைதான்.

நிகர்மானி எதையும் எதோடும் ஒப்பிடும். இரண்டுக்கும் ஒரே சோதனை வைக்கும். விடை ஒன்றாக வந்தால் பச்சை. பச்சை விழுந்துவிட்டால் செலவு குறைந்தது நீடிக்கும், மற்றது போய்விடும். சட்டம் அப்படி. ஒரு வெயில் நாளில் ஏரிக்கரை வழியும் மேட்டு வழியும் ஒரே நேரம் காட்டின. மேட்டு வழிப் பேருந்தை நிறுத்திவிட்டார்கள். மழைக்காலத்தில் இதே பிள்ளைகள் முழங்கால் தண்ணீரில் இறங்கிப் பேருந்தைத் தள்ளினார்கள். இன்னொரு முறை சோதித்துப் பார்க்கலாமே என்று யாரும் கேட்கவில்லை. இரண்டாவது சோதனை வீண் செலவு என்று கருவிக்குள்ளேயே எழுதி வைத்திருந்தார்கள், மகா புத்திசாலிகள்.

போன மாதம் அந்தப் பச்சை செங்கமலத்தின் மேலேயே விழுந்தது. ஒரு செவ்வாய்க்கிழமை அவள் ஒரு பிரிவுக்கும், திரையில் பேசும் இயந்திர ஆசிரியை இன்னொரு பிரிவுக்கும் கூட்டல் நடத்தினார்கள். இரண்டு பிரிவும் ஒரே மதிப்பெண். ஏழாம் வகுப்புக்குக் கூட்டலைச் சுவர்கூட நடத்துமே என்று அவள் கத்தியது யார் காதிலும் ஏறவில்லை. கல்வி அலுவலகத்துக்குப் போன் செய்தபோதெல்லாம் பதிவுசெய்த குரல் ஒன்று "பரிசீலிக்கிறோம்மா" என்றது. இன்று கடைசி வகுப்பு. மாலையோடு வேலை போய்விடும். நாளையிலிருந்து பிள்ளைகள் திரையிடம் படிப்பார்கள். திரையோ நிகர்மானி காட்டுவதே சரி என்று சொல்லும்.

அவளை நீக்கும் உத்தரவை நிறுத்தி வைக்கக்கூடிய ஒரே ஆள் கல்வி அலுவலர் தணிகைமணி. வகுப்பைத் திரையிடம் ஒப்படைப்பதற்காக வந்து கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். அவரைச் செங்கமலம் நேரில் பார்ப்பது இதுதான் முதல் முறை.

"எக்ஸுக்கு எதைப் போட்டுப் பச்சை காட்டுச்சு?" என்று நஸ்ரீனைக் கேட்டாள்.

"ரெண்டு, டீச்சர். இந்தப் பக்கம் நாலு, அந்தப் பக்கமும் நாலு."

"இப்ப மூணு போடு."

நஸ்ரீன் உதடு அசையக் கணக்கிட்டாள். "இங்க அஞ்சு. அங்க... ஆறு வருது. அப்ப மெஷின் பொய் சொல்லுதா?"

"பொய் இல்லடி. ஒருதரம் பாத்துட்டு ஓடிப்போயிடுது. எக்ஸ் ரெண்டா இருந்தா மட்டும்தான் இது சரி. நடுவுல சமக்குறி போட்டா அது சமன்பாடு. எதைப் போட்டாலும் ஒண்ணா வந்தாத்தான் ரெண்டும் நிகர்."

அடுத்து 2(x + 3), 2x + 6 என்று எழுதினாள். பிள்ளைகள் பூஜ்யம் போட்டார்கள், ஏழு போட்டார்கள், நூறு போட்டார்கள். ஒவ்வொரு முறையும் விடை ஒன்றாகவே வந்தது. திடீரென்று நஸ்ரீன் பெஞ்சின் மேலேயே ஏறிவிட்டாள்.

"இனிமே போட்டுப் பாக்கவே வேணாம் டீச்சர்! ரெண்டு டப்பா. ஒவ்வொண்ணுலயும் ஒரு எக்ஸும் மூணு பென்சிலும் இருக்கு. கொட்டினா ரெண்டு எக்ஸ், ஆறு பென்சில். இது மாறவே மாறாது!"

இதற்காகத்தானே செங்கமலம் ஒரு வாரம் கத்தினாள். நேராகக் கடைசி பெஞ்சுக்குப் போனாள்.

"பாத்தீங்களா சார்? என்னையும் அந்தத் திரையையும் ஒரே ஒரு செவ்வாய்க்கிழமை போட்டுப் பாத்தீங்க. கூட்டலுக்கு நாங்க ரெண்டு பேரும் ஒண்ணுதான். இதுக்கு? உத்தரவ நிறுத்தி வைப்பீங்களா, மாட்டீங்களா?"

தணிகைமணி தன் உள்ளங்கையையே பார்த்துக்கொண்டிருந்தார். நிமிராமலே, "பரிசீலிக்கிறோம்மா," என்றார்.

அவ்வளவுதான். இத்தனை நாள் அடக்கி வைத்த எரிச்சலெல்லாம் அவளுக்குத் தலைக்கேறியது. நிகர்மானியைச் சுவரிலிருந்து பிடுங்கினாள். யாரும் எதையும் சோதிக்கலாம்; அதுவும் சட்டம்தான். ஒரு முனையை அலுவலரிடமும், இன்னொரு முனையைத் தன் போனில் ஒலித்த அலுவலகக் குரலிடமும் நீட்டி, அவரிடம் கேட்ட அதே கேள்வியைக் குரலிடமும் கேட்டாள்.

"பரிசீலிக்கிறோம்மா," என்றது குரல்.

பச்சை. செலவு குறைந்தது குரல்தான். தணிகைமணியின் சட்டையிலிருந்த அடையாள வில்லை அணைந்தது; அதோடு அவர் பதவியும் போனது. வகுப்பு விழுந்து விழுந்து சிரித்தது.

அவர் திகைத்துப்போய் எழுந்தார். உள்ளங்கை முழுவதும் பேனா மை: பூஜ்யம், ஏழு, நூறு, கோணல்மாணலாக இரண்டு டப்பா.

"அந்தப் பொண்ணு சொன்னது சரிதாம்மா," என்றார். "நானும் போட்டுப் பாத்துட்டிருந்தேன். வாய்ப் பழக்கத்துல அப்படிச் சொல்லிட்டேன். நிறுத்தி வைக்கணும்னு இப்பதான் முடிவு பண்ணினேன்."

அவசரமாகத் தன் கைத்திரையில் உத்தரவைத் திறந்து கட்டைவிரலை வைத்தார்.

"பரிசீலிக்கிறோம்மா," என்றது கைத்திரை. துடைத்துவிட்டு மறுபடி வைத்தார். அதே குரல்தான் வந்தது.

செங்கமலத்தின் கையில் நிகர்மானி இன்னும் பச்சையாக எரிந்துகொண்டிருந்தது. அதை எப்படி அணைப்பது என்று அவளுக்குத் தெரியவில்லை. சிரிப்பு நின்றுபோன வகுப்பில் நஸ்ரீன் மெதுவாகக் கையைத் தூக்கினாள்.

"டீச்சர், நீங்களும் சாரை ஒரே ஒரு தடவைதானே போட்டுப் பாத்தீங்க?"